மொட்டை மாடியில் சோலார்: முதல்முறை போடுகிறவர்களுக்கு

எங்கள் வீட்டு மாடியில் ஆறு பேனல் ஏறி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வீடு பட்டுக்கோட்டைப் பக்கம். போட்ட நாளிலிருந்து தெருவில் யாராவது ஒருவர் மாடி ஏறிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு ஆச்சு? சப்சிடி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். எந்தக் கம்பெனிப் பேனல் நல்லது என்று அரை மணி நேரம் பேசுகிறவர்கள்கூட, அந்தப் பேனலைத் தாங்குகிற கால் எதன் மேல் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்ட ஊர் இது. இங்கேயே இப்படி. அதனால் பணக்கணக்கைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, மாடியில் நடக்கிற வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை. என் வீட்டு வேலையைக் கூடவே நின்று பார்த்தவன். ஒருமுறை தப்பாகச் செய்துவிட்டுத் திருப்பிச் செய்யவைத்தவன். வயரிங் வேலையை நீங்களே செய்யச் சொல்லவில்லை. செய்கிறவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஈபி பில்

ஒரு வருடத்துக்கான ஆறு பில்லையும் எடுத்து, யூனிட்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்துக்கு 200, 250 யூனிட்தான் ஓடுகிறது என்றால் அவசரமே இல்லை. போட்ட காசு திரும்பிவர ரொம்ப காலம் ஆகும். 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடுதான் சோலாருக்கு ஏற்ற வீடு. ஏனென்றால் 500-ஐத் தாண்டிய உடனே மேல்படி விலை மட்டும் ஏறுவதில்லை, கீழ்ப்படியில் கிடைத்துவந்த மலிவு விலையும் போய்விடும். ஏசி ஓடுகிற வீடுகளில் சித்திரை, வைகாசி பில் திடீரென்று குதிப்பதற்கு இதுவும் காரணம்.

ஒரு கிலோவாட் சோலார் நம் ஊர் வெயிலில் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் நாளைக்கு 12, இரண்டு மாதத்துக்கு 700-க்குச் சற்று மேல். சராசரி என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பங்குனியில் ஒரு நாளைக்கு 14 பார்த்திருக்கிறேன். ஐப்பசி அடைமழையில் 3-ம் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அக்னி நட்சத்திர வெயிலில்தான் அதிகம் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வராது. பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. அதன் மேல் எழுதியிருக்கிற வாட் கணக்கு 25 டிகிரியில் அளந்தது. மத்தியான வெயிலில் பேனலின் முகம் 60 டிகிரியைத் தாண்டும். சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம்வரை மின்சாரம் குறையும். மாசி, பங்குனியில் வானமும் தெளிவாக இருக்கும், காற்றும் அவ்வளவு கொதிக்காது. அதுதான் சோலாருக்கு அறுவடைக் காலம்.

600, 650 யூனிட் ஓடுகிற எங்கள் வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டோம். பெரிதாகப் போட்டு ஈபிக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். உங்கள் செலவுக்கு ஏற்ற அளவு போதும்.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும்

இதை முன்கூட்டியே சொல்லாமல் விற்பவர்களால் எத்தனை வீட்டில் சண்டை வந்திருக்கிறது தெரியுமா! சப்சிடியில் வீட்டுக்குப் பெரும்பாலும் போடுவது ஆன்-கிரிட் வகை. ஈபி லைனில் கரண்ட் இருந்தால்தான் அதன் இன்வெர்ட்டர், அதாவது பேனல் தருகிற மின்சாரத்தை வீட்டில் ஓடும் கரண்டாக மாற்றுகிற பெட்டி, ஓடும். லைன் போன அடுத்த நொடி அதுவும் தானாக நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும் சரி. இது கோளாறு அல்ல, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. கம்பத்தில் லைன்மேன் வேலை செய்யும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போய் அவரை அடித்துவிடக் கூடாது அல்லவா?

கரண்ட் போகும்போதும் ஃபேன் ஓட வேண்டும் என்றால் பேட்டரி வைக்கிற ஹைபிரிட் வகை வேண்டும். விலை நன்றாக ஏறும். வீட்டில் ஏற்கெனவே பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு ஆன்-கிரிட் போடுவதுதான் என் யோசனை. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பணமும் பேப்பரும்

மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். 5 போட்டாலும் அதே 78,000-தான். 3 கிலோவாட் போட இரண்டு லட்சத்துக்கு முன்னே பின்னே ஆகும். முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கட்ட வேண்டும். எல்லாம் முடிந்து மீட்டர் மாற்றிய பிறகுதான் மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அரசுடைமை வங்கிகள் இதற்கென்றே பிணை கேட்காமல் கடன் கொடுக்கின்றன.

மானியம் வேண்டுமென்றால் பேனல் இந்தியாவில் செய்த செல் கொண்டதாக இருக்க வேண்டும். டிசிஆர் பேனல் என்பார்கள். மற்றதைவிட விலை கூடுதல். கொட்டேஷனில் "டிசிஆர்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பேனல் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். பதிவு செய்ய ஈபி கனெக்‌ஷன் எண், ஆதார், வங்கிக் கணக்கு வேண்டும். பெரும்பாலான வீடுகள் சிக்கிக்கொள்கிற இடம் வேறு: கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறது? எங்கள் வீட்டில் அது தாத்தா பெயரில் இருந்தது. அவர் காலமாகிப் பதினோரு வருடம். வீட்டு வரி அப்பா பெயரில், பில் தாத்தா பெயரில், வங்கிக் கணக்கு என் பெயரில் என்று இருந்தால் மானியம் எங்கே போய்ச் சேரும்? முதலில் ஈபி அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு அப்புறம் சோலாரைத் தொடுங்கள். அப்படியே உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பில்லிலேயே இருக்கும்.

வேலை செய்பவரைத் திட்டத்தில் பதிவு செய்திருக்கிற நிறுவனங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். மாடியை வந்து பார்க்காமல் போனிலேயே விலை சொல்கிறவரை அப்போதே கழித்துவிடலாம்.

நிழல் பார்க்கிற நாள்

1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். எங்களுக்கு வந்தவை 550 வாட் பேனல்கள். ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ எடை. ஆறும் ஒரே வரிசையில் நின்றால் 23 அடி நீளம் வரும். சுற்றி நடக்கவும் துடைக்கவும் வழி விட்டால் 300 சதுர அடி கணக்கு சரியாகிவிடும்.

இடம் இருந்தால் போதாது, நிழல் விழாத இடமாக இருக்க வேண்டும். ஒரு வரிசைப் பேனல்கள் ஒன்றோடொன்று கோத்த மாலை மாதிரி. ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் வருமானமே அடிபடும். பேனலுக்கு உள்ளேயே இதற்கு ஓரளவு மாற்று வழி வைத்திருக்கிறார்கள் என்றாலும் நட்டம் நட்டம்தான்.

சேல்ஸ்மேன் சித்திரை மாதம் வந்து மாடியைப் பார்ப்பார். அப்போது சூரியன் நேர் உச்சியில் இருக்கும், எதற்குமே நிழல் தெரியாது. "சூப்பர் மாடி சார்" என்பார். நீங்கள் பார்க்க வேண்டியது மார்கழியில். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து போகும். நிழலெல்லாம் வடக்குப் பக்கம் நீளும். எங்கள் ஊரில் மார்கழிக் காலை 9 மணிவாக்கில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கும். மாடிப்படி அறை எட்டடி, அதன் மேல் சின்டெக்ஸ் தொட்டி ஐந்தடி, ஆகப் பதின்மூன்றடி. நிழல் 18 அடிக்கு மேல் ஓடும். மாடியில் பாதி!

மார்கழி வரை காத்திருக்க வேண்டாம். தெற்கே, தென்கிழக்கே, தென்மேற்கே என்ன உயரமாக நிற்கிறது என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். தொட்டி, பக்கத்து வீட்டுச் சுவர், தென்னை, டிஷ் ஆன்டெனா எதுவானாலும் சரி. வடக்கே நிற்பதால் பெரிய தொந்தரவு இல்லை. பேனல் தெற்கு பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருந்தால் போதும். படுக்கையாகப் போட்டால் மழைத் தண்ணீர் வடியாமல் அழுக்குக் கோடு கட்டும். தெற்கில் இடமே இல்லை என்றால் கிழக்கு மேற்காகப் போடலாம். நம் அட்சரேகையில் சாய்வு குறைவாக வைத்தால் இழப்பு ரொம்ப இருக்காது.

இடம் குறித்ததும் வீட்டில் பேசிவிடுங்கள். எங்கள் அம்மா வடகம் காயப்போடுகிற மூலையும் துணிக் கொடியும் அந்த 300 சதுர அடிக்குள்தான் இருந்தன. அதைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் சரியாகக் காபி கிடைக்கவில்லை.

அதனால்தான் பலர் ஆளுயரத்துக்கு மேல் ஏழடி, எட்டடி ஸ்ட்ரக்சர் கேட்கிறார்கள். கீழே நடக்கலாம், துணி காயப்போடலாம், நிழலும் கிடைக்கும். ஆனால் உயரம் ஏற ஏறக் காற்றுப் பிடிப்பும் ஏறும், துடைக்க ஏணியும் வேண்டும். கடலோர மாவட்டங்களில் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. முன்கால் இரண்டடி, பின்கால் மூன்றேகால் அடி என்று தாழ்வாகவே போட்டோம். வடகம் இப்போது மாடிப்படி அறையின் மேல் காய்கிறது.

கால் எதில் நிற்கிறது?

"இவ்வளவு எடையை மாடி தாங்குமா?" என்பதுதான் எல்லோருக்கும் பயம். ஆறு பேனல் 170 கிலோ. இரும்பையும் சேர்த்தால் ஒரு கல்யாணத்துக்கு மாடியில் கூடுகிற சொந்தக்காரர்களின் எடைகூட வராது. ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளத்துக்கு இது ஒரு சுமையே அல்ல.

பயப்பட வேண்டியது கீழே அழுத்துவதைப் பற்றி அல்ல, மேலே தூக்குவதைப் பற்றி. கட்டடங்களுக்கான இந்தியத் தரக் குறியீட்டில் சென்னைக்குக் கணக்கில் எடுக்கச் சொல்லும் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மோதுகிற காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ எடைக்குச் சமம். ஆறு பேனலின் பரப்பு 15 சதுர மீட்டருக்கு மேல். பெருக்கிப் பாருங்கள், இரண்டு டன்னைத் தாண்டும். சாய்வையும் உயரத்தையும் பொறுத்து இது கூடும் குறையும். என்றாலும் அளவு புரிகிறது அல்லவா? சாய்ந்து நிற்கிற பேனல் வரிசை ஒரு பெரிய முறம் மாதிரி. காற்று அடியில் புகுந்தால் புடைக்கத்தான் பார்க்கும்.

ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடி கான்கிரீட் கட்டை ஒன்று 68 கிலோ வரும். எட்டுக் கால்களுக்கும் எட்டுக் கட்டை வைத்தாலும் அரை டன்தான். ஆகவே கட்டையைச் சும்மா தரையில் வைத்துவிட்டு "வெயிட்டுக்கு நிக்கும் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள். கட்டையும் கட்டடமும் ஒன்றாகப் பிணைந்திருக்க வேண்டும்.

இங்கேதான் எங்கள் வீட்டில் தப்பு நடந்தது. முதலில் வந்தவர்கள் தட்டோட்டின் மேலேயே இரும்புத் தகட்டை வைத்து, நான்கு மூலையிலும் ட்ரில் போட்டு, ஆங்கர் போல்ட்டை அடித்து முறுக்கிவிட்டார்கள். எட்டுக் காலும் ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டன. எனக்குச் சந்தோஷம்தான், வேலை சீக்கிரம் முடிந்ததே என்று. ஐப்பசி பிறந்து மூன்றாவது நாள், ஹால் ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஈர வட்டம். அடுத்த வாரம் அது தட்டு அளவு. தட்டோடு, அதன் கீழ் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்ட தளம், அதற்கும் கீழேதான் கான்கிரீட். தண்ணீர் இறங்காமல் இருக்கத்தான் மேலே அத்தனை அடுக்கு. அதில் 32 ஓட்டை போட்டால் என்ன ஆகும்? தட்டோட்டில் பிடித்த போல்ட்டுக்குப் பிடிமானமும் கிடையாது. கான்கிரீட்டைத் தொட்டதே நுனி மட்டும்தான்.

எல்லாவற்றையும் கழற்றித் திரும்பச் செய்தோம். அந்த இரண்டாவது முறைதான் நீங்கள் முதல்முறையே செய்ய வேண்டியது:

கால் வருகிற இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை அவை தூணுக்கோ பீமுக்கோ மேலே வரட்டும். மேலே இன்னொரு மாடி கட்டலாம் என்று தூண் கம்பியை நீட்டி விட்டுவைத்திருக்கும் வீடுகளுக்கு யோகம்தான். அந்தக் கம்பியோடு சேர்த்தே கட்டையை வார்த்துவிடலாம். மற்ற இடங்களில் ஓரடிச் சதுரத்துக்குத் தட்டோட்டையும் ஜல்லித் தளத்தையும் வெட்டி எடுத்து, கான்கிரீட் தெரியும் வரை போக வேண்டும். தூசியை ஊதி எடுத்துவிட்டுக் கான்கிரீட்டில் துளை போட்டு, கெமிக்கல் ஆங்கர் பசையை நிரப்பிக் கம்பியை நட வேண்டும். வீட்டுத் தளம் பெரும்பாலும் நான்கு, ஐந்து அங்குலக் கனம்தான் என்பதால் துளையின் ஆழம் மூன்று அங்குலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள அறையில் ஆள் நிறுத்தி, விட்டத்தைப் பார்க்கச் சொன்னோம்.

பிறகு அந்தக் கம்பியைச் சுற்றிப் பலகை அடித்து, வாட்டர்புரூஃப் கலவை சேர்த்த கான்கிரீட்டை ஊற்றி, காலின் போல்ட்டையும் அதிலேயே புதைக்க வேண்டும். கட்டைக்கும் தட்டோட்டுக்கும் இடையே வருகிற மூலையைச் சுற்றிலும் சாய்வாகப் பூசிவிட்டால் தண்ணீர் அங்கே நிற்காது. மாடித் தண்ணீர் ஓடுகிற வாட்டத்தையும் கட்டை மறிக்கக் கூடாது. வார்த்த மறுநாளே பேனலை ஏற்ற வந்தார்கள், திருப்பி அனுப்பினேன். சணல் சாக்கைச் சுற்றி ஏழு நாள் தண்ணீர் விட்டோம்.

கைப்பிடிச் சுவரில் மட்டும் எதையும் கட்டவிடாதீர்கள். அது பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர். காற்று இழுத்தால் சுவரோடு சேர்ந்து தெருவுக்குப் போகும்.

கால்களுக்கும் சட்டங்களுக்கும் ஹாட் டிப் ஜிஐ, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு கேளுங்கள், 80 மைக்ரான் பூச்சு. பெயின்ட் அடித்த சாதா இரும்பு பாதி விலைதான், ஆனால் உப்புக் காற்றில் நான்கு வருடத்தில் உதிர ஆரம்பிக்கும். பேனலோ 25 வருடத்துக்கு வாரண்டியோடு வருகிறது. மாடியில் வைத்து வெட்டினாலோ துளைத்தாலோ அந்த இடத்தில் துத்தநாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். நட்டு, போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

தகரக் கூரை வீட்டுக்கு இந்தக் கட்டை வேலை கிடையாது. தகரத்தின் மேட்டில், அடியில் உள்ள இரும்புச் சட்டத்தோடு சேரும்படி ஸ்க்ரூ போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, குட்டி ரெயிலைப் பொருத்துவார்கள். பள்ளத்தில் ஸ்க்ரூ போட்டால் ஒழுகும். நாட்டு ஓட்டுக் கூரையின் மேல் ஏற்றும் யோசனையை விட்டுவிடுங்கள், பக்கத்தில் தரையிலேயே ஸ்ட்ரக்சர் போடலாம்.

பேனல் ஏறும் நாள்

காலையிலேயே தொடங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அலுமினியச் சட்டத்தைத் தொட முடியாது. காற்று பலமாக இருக்கிற நாளில் வேலையே வேண்டாம். ஏழரை அடிப் பேனலைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறவர் காற்றடித்தால் பாய்மரமாகிவிடுவார்.

ஒரு பேனலுக்கு இரண்டு பேர். தலைமேல் வைத்துத் தூக்கினால் நடுவில் வளைந்து உள்ளே முடி மாதிரி விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது, வருடக்கணக்கில் மெதுவாகக் கொல்லும். வயரைப் பிடித்துத் தூக்குவது, கண்ணாடி மேல் கால் வைப்பது, முட்டி போட்டு நட்டு முடுக்குவது, இதையெல்லாம் பார்த்தால் வெட்கப்படாமல் சத்தம் போடுங்கள். எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் பேனல் மேலேயே டீ டம்ளரை வைத்தான். அதையும் எடுக்கச் சொன்னேன்; அது கொஞ்சம் அதிகம்தான்.

பேனலை நீளவாட்டில் நான்காகப் பிரித்தால் முதல் கால் பங்கு முடிகிற இடத்தையும் கடைசிக் கால் பங்கு தொடங்குகிற இடத்தையும் ஒட்டி, பேனலைச் சட்டத்தோடு பிடிக்கிற கிளாம்ப் வர வேண்டும். கம்பெனிக் கையேட்டில் சரியான அளவு இருக்கும். ஓரத்தில் எண்ட் கிளாம்ப், இரண்டு பேனலுக்கு நடுவே மிட் கிளாம்ப். நடுவில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும், சூட்டில் விரியவும் காற்று புகுந்து போகவும். முடுக்குகிறவர் டார்க் ஸ்பேனர் (குறித்த அளவுக்கு மட்டும் முடுக்க உதவுவது) வைத்திருந்தால் நல்ல ஆள் கிடைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொரு எச்சரிக்கை. ஆறு பேனலை வரிசையாகக் கோத்தால் வெயிலில் 300 வோல்ட் டிசி (பேனலிலிருந்து வரும் நேர் மின்சாரம்) நிற்கும். வீட்டு மெயினை அணைத்தாலும் மாடியில் அது அணையாது, சூரியனுக்கு சுவிட்ச் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பைப் பிடுங்கினால் தீப்பொறி நீளமாக இழுக்கும், கையைச் சுடும். அந்த இணைப்புகளை நீங்கள் தொடவே வேண்டாம். "டிக்" என்று சத்தம் வரும்வரை அழுத்தியிருக்கிறார்களா, ஒரே கம்பெனியின் ஆண் பெண் கனெக்டர்களா, வயர் தரையில் படாமல் சட்டத்தோடு கட்டியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். டிசிக்கு வெயில் தாங்கும் தனி சோலார் வயர் உண்டு. சாதா வயர் இரண்டு கோடையில் வெடித்துப்போகும்.

இன்வெர்ட்டர், எர்த், மீட்டர்

இன்வெர்ட்டரை மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். மாடிப்படிக்குக் கீழே, போர்டிகோவில், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம் நல்லது. சுற்றிலும் ஓரடி இடம் விடவும். வைஃபை எட்டுமா என்று போனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் எத்தனை யூனிட் வந்தது என்பது ஆப்பில் தெரிய அது வேண்டும்.

எர்த் குழி மூன்று: பேனலின் டிசி பக்கத்துக்கு ஒன்று, வீட்டில் ஓடும் மாறு மின்சாரமான ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. "எல்லாத்தையும் ஒரே குழியில போட்டுக்கலாம் சார்" என்பார்கள். கூடாது. இடியை இறக்குகிற குழியோடு இன்வெர்ட்டரைச் சேர்த்தால் இடி இன்வெர்ட்டருக்கே வரும். ஒவ்வொரு பேனலின் சட்டமும் எர்த் வயரோடு சேர்ந்திருக்க வேண்டும். குழியின் தடை 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று உங்கள் முன்னாலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் "ஆன் பண்ணிப் பாக்கலாமா" என்று கை துறுதுறுக்கும். பொறுங்கள். இருவழி மீட்டர் வரும் வரை ஓட்டக் கூடாது. அனுமதி இல்லாமல் ஓட்டுவது தப்பு என்பது ஒரு பக்கம்; பழைய மீட்டர்களில் சில, நீங்கள் வெளியே அனுப்புகிற யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகவே எண்ணும். சோலார் போட்டும் பில் கூடிவிட்டது என்று புலம்பியவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஈபியிலிருந்து வந்து பார்ப்பார்கள், மெயினை அணைத்தால் இன்வெர்ட்டர் நிற்கிறதா என்று சோதிப்பார்கள், மீட்டர் மாற்றுவார்கள். அதன் பிறகு மானியத்துக்கான விவரத்தைப் பதிவேற்றலாம். புது மீட்டரில் உள்ளே வந்தது, வெளியே போனது என்று இரண்டு எண் மாறி மாறி ஓடும். முதல் பில் வரும்போது இரண்டையும் நீங்களே குறித்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

பகலில் உற்பத்தி ஆவதைப் பகலிலேயே செலவழித்துவிடுவது நல்லது. மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றையும் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் போடப் பழகிவிட்டோம்.

துடைப்பது

பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடிகாலையிலோ சாயங்காலமோ. கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது. சோப்புத்தூள், தேங்காய் நார் இரண்டும் வேண்டாம். நீளக் கழியில் கட்டிய மென்மையான துடைப்பான் போதும். போர் தண்ணீரை ஊற்றி அப்படியே காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும், பாத்ரூம் குழாயில் படிவது மாதிரியே. அது அப்புறம் போகவே போகாது. கார்ப்பரேஷன் தண்ணீர், மழைத் தண்ணீர் நல்லது. போர்தான் இருக்கிறது என்றால் ஊற்றிய கையோடு வழித்துவிடுங்கள். காக்கை எச்சத்தை மட்டும் பதினைந்து நாள் காத்திருக்காமல் அன்றே எடுத்துவிடுங்கள். சின்ன நிழல்தான், ஆனால் ஒரே இடத்தில் நின்று சூடேற்றும்.

புயல் எச்சரிக்கை வந்தால் மாடியில் கிடக்கிற பூந்தொட்டி, பலகை, தகரத் துண்டு எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். பேனல் உடைவது பல நேரம் இவை பறந்துவந்து அடிப்பதால்தான். வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், மழைக்கு முன்னால் நட்டுகளை ஒரு சுற்று முடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டுக்கொடுத்தவர் ஐந்து வருடம் பராமரித்துத் தர வேண்டும் என்பது திட்டத்திலேயே உண்டு, அதனால் கூச்சப்படாமல் கூப்பிடலாம். அப்புறம் தீபாவளிக்கு மறுநாள் காலையில் ஒருமுறை மேலே ஏறிவிடுங்கள். போன வருடம் எங்கள் பேனல்களுக்கு அடியிலிருந்து மட்டும் பதினேழு ராக்கெட் குச்சி பொறுக்கினேன். ஒன்று டிசி வயருக்குப் பக்கத்திலேயே கருகிக் கிடந்தது.